'கசிவு' வேண்டா, 'ஓய்வு மின்னிழுப்பு' என்போம்

அன்புடையீர், வணக்கம்.

காரை நிறுத்திச் சாவியை எடுத்த பிறகும் பேட்டரியிலிருந்து மின்சாரம் சிறிது சிறிதாகச் செலவாவதைக் குறிக்க 'ஒட்டுண்ணி மின்னிழப்பு', 'மின்கசிவு' என்னும் இரு சொற்கள் தமிழ்க் கலைச்சொல்லாக முன்வைக்கப்பட்டுள்ளன. இரண்டையும் என்னால் ஏற்க இயலவில்லை. (பேட்டரிக்குத் தமிழ் எது என்ற பழைய வழக்கை இம்மடலில் நான் திறக்கப்போவதில்லை.)

கோலாலம்பூரில் வண்டி கிளம்பாவிட்டால் 'பேட்டரி கோங்' (செத்துவிட்டது) என்று சொல்லி முடித்துவிடுகிறோம். பேட்டரி தேய்ந்திருந்தாலும் கோங். எஞ்சினால் சுழலும் மின்னாக்கியான ஆல்டர்நேட்டர் அதற்கு மின்னேற்றாவிட்டாலும் கோங். இரண்டும் நலமாக இருந்து, நின்ற வண்டியில் ஏதோ ஒன்று மின்சாரத்தைத் தின்றுகொண்டிருந்தாலும் கோங்தான். சென்ற தீபாவளிக்குக் காரைச் செந்தூல் வீட்டில் விட்டுவிட்டு இரயிலில் பட்டர்வொர்த் சென்று நான்கு நாள் கழித்துத் திரும்பிய எனக்கு வாய்த்தது கடைசி வகை. ஓய்வில் 12.6 வோல்ட் காட்ட வேண்டிய பேட்டரி 11.7 காட்டியது. ஜம்ப்பர் கேபிளால் கிளப்பி, எஞ்சின் ஓடும்போது அளந்தால் 14.2; மின்னேற்றம் சரியாக நடக்கிறது, ஆகவே ஆல்டர்நேட்டர்மீது குற்றமில்லை. பட்டறைக்காரர் பில்லில் 'லீக்' என்று எழுதித் தந்தார். அதைப் படித்த என் தம்பி, அமிலம் எங்கே ஒழுகுகிறது என்று டார்ச் விளக்குடன் பேட்டரியைச் சுற்றிச் சுற்றித் தேடினான். 'கசிவு' என்று நாம் எழுதினால் வாசகரும் அதையே தேடுவார்.

'ஒட்டுண்ணி' அழகான சொல்தான். ஆனால் ஒட்டுண்ணியால் மரத்துக்குப் பயன் இல்லை. கடிகாரமும் திருட்டு எச்சரிக்கை மணியும் வண்டிக்குத் தேவையானவை. அவை எடுக்கும் மின்னோட்டம் மொத்தம் 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் பொதுவாக அதைப் பழுதென்று கொள்வதில்லை. என் காரில், கதவுகளைப் பூட்டி, கணினிப் பகுதிகள் உறங்க அரை மணி நேரம் காத்திருந்து, பேட்டரியின் எதிர்மின்முனைக் கம்பியைக் கழற்றி இடையில் மீட்டரை இணைத்தபோது 300 மில்லி ஆம்பியர் ஓடியது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்ததில், எப்போதும் மின்சாரம் உள்ள இணைப்பில் நானே மாட்டிய டேஷ்கேம் (சாலையைப் படம்பிடிக்கும் கேமரா) அகப்பட்டது. இந்த வீதத்தில் நாளொன்றுக்கு 7 ஆம்பியர்-மணிக்கு மேல் போனால், 40 ஆம்பியர்-மணிப் பேட்டரி நான்கு நாளில் என்னாகும்?

ஆகவே அளவைக் குறிக்க 'ஓய்வு மின்னிழுப்பு' என்றும், அது வரம்பு மீறினால் 'மிகை ஓய்வு மின்னிழுப்பு' என்றும் சொல்லலாம் என்பது என் முன்மொழிவு. 'கரண்ட் இழுக்குது' என்பது பட்டறையில் ஏற்கெனவே புழங்கும் பேச்சு. நாம் அதற்குப் பெயர் வடிவம் மட்டுமே தருகிறோம்.

இதற்கு இரண்டு தடைகள் எழலாம். 'இழுப்பு' மூச்சிரைப்பு நோயை நினைவூட்டும் என்பது ஒன்று. 'மின்' முன்னே நிற்கும்போது அந்த ஐயம் எழாது. 'இழப்பு', 'இழுப்பு' இரண்டும் காதுக்கு ஒன்றுபோல் ஒலிக்கும் என்பது மற்றொன்று, இதைவிட வலுவானது. எதனுடனும் இணைக்காமல் அலமாரியில் வைத்த பேட்டரியும் உள்வேதிவினையால் தானே வலுக்குறையும். அதற்கு 'தன்னிழப்பு' என்று வைத்தால் குழப்பம் உறுதி. 'பேட்டரி இறங்கிவிட்டது' என்னும் வழக்கை ஒட்டி அதற்குத் 'தன்னிறக்கம்' என்று வைத்துவிட்டால் இந்தத் தடையும் நீங்கும்.

'இழுப்பு' பிடிக்காதவர்கள் மாற்றுச் சொல் தாருங்கள், பேசுவோம். 'கசிவு' மட்டும் வேண்டா. என் தம்பி இன்னும் அமிலம் ஒழுகியதாகவே நம்புகிறான்.