எம்பாக்ஸ் ஃபைலில் இருக்கும் அட்டாச்மென்ட்டுகளைப் பைத்தானில் எடுப்பது எப்படி? பாதிதான் வருகிறது

தோல்கிடங்கு:
ராணிப்பேட்டையில் ஒரு லெதர் எக்ஸ்போர்ட் ஆபீசில் இருக்கிறேன். பழைய மெயில் மொத்தமும் ஒரே எம்பாக்ஸ் ஃபைலாகக் கிடக்கிறது, அதிலிருந்து இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் எல்லாவற்றையும் தனித்தனி ஃபைலாக எடுத்துத் தரச் சொல்கிறார் ஆடிட்டர். பைத்தான் 3.13, மெயில்பாக்ஸ் லைப்ரரி. பிடிஎஃப் நன்றாக வருகிறது. தமிழ்ப் பெயர் வைத்த ஃபைல்கள் மட்டும் கேள்விக்குறியும் ஈக்குவலும் போட்டு, நடுவில் நாலு-கே-ஆறு, நாலு-கே-ஆறு என்று வருகிறது. இன்னும் பழைய மெயில்களில் அட்டாச்மென்ட் என்றே எதுவும் காட்டவில்லை, லெட்டருக்குக் கீழேயே "பிகின் 644" என்று ஆரம்பித்து வரிக்கு வரி 'எம்' எழுத்தில் தொடங்கும் குப்பை. கூகுளில் யுயு மாட்யூல் போடு என்கிறார்கள், இம்போர்ட் பண்ணினால் அப்படி ஒன்று இல்லை என்கிறது. இட்டர்-அட்டாச்மென்ட்ஸ் என்று கூப்பிட்டாலும் எர்ரர்தான்.

காட்பாடி_ஜங்ஷன்:
யுயு மாட்யூலைத் தேடாதீங்க, 2024 அக்டோபரில் வந்த 3.13-லேயே தூக்கிட்டாங்க. ஆனால் பின்-ஆஸ்கி மாட்யூலில் ஏ2பி-யுயு இன்னும் இருக்கு, அது போதும். அந்தக் குப்பை யுயுஎன்கோட், அதாவது ஃபைலை எழுத்துகளாக மாற்றி லெட்டரிலேயே ஒட்டும் முறை, இப்போது அட்டாச்மென்ட் வைக்கும் மைம் முறை வருவதற்கு முந்தைய வழக்கம், ஈமெயில் லைப்ரரிக்கு அது வெறும் லெட்டர் டெக்ஸ்ட்தான், நாமேதான் பிகின் வரியில் ஆரம்பித்து எண்ட் வரி வரைக்கும் வெட்டி எடுக்கணும். ஒவ்வொரு வரியின் முதல் எழுத்துதான் அந்த வரியில் எத்தனை பைட் என்று சொல்வது: 'எம்' என்றால் 45, அதற்குப் பின்னால் 60 எழுத்து. வரிக் கடைசியில் ஏதாவது ஒட்டிக்கொண்டு "ட்ரெய்லிங் கார்பேஜ்" என்று கத்தினால், அந்தக் கணக்குக்கு மேல் இருப்பதை நறுக்கிவிட்டு மறுபடி கொடுங்க.

மற்ற இரண்டுக்கும் ஒரே மருந்து. மெயில்பாக்ஸ் சும்மா கொடுக்கிற மெசேஜ் பழைய வகை, அதற்கு இட்டர்-அட்டாச்மென்ட்ஸ் தெரியாது, பெயரையும் டீகோட் பண்ணாது. எம்பாக்ஸைத் திறக்கும்போது ஃபேக்டரி என்ற இடத்தில், மெசேஜ்-ஃப்ரம்-பைனரி-ஃபைலை பாலிசி டிஃபால்ட்டோடு கூப்பிடும் ஒரு லாம்டா கொடுத்துடுங்க. அப்புறம் கெட்-ஃபைல்நேம் கேட்டால் தமிழிலேயே பெயர் வரும். நாலு-கே-ஆறு வருவது வேடிக்கையான விஷயம்: யுடிஎஃப்-8-ல் தமிழ் எழுத்து, குறி ஒவ்வொன்றும் மூணு பைட், மெயிலில் அனுப்ப பெயரை ஆங்கில எழுத்தாக மாற்றும் பேஸ்64 மூணு பைட்டை நாலு எழுத்தாக்கும், தமிழுக்கு முதல் பைட் எப்பவும் ஒன்றேதான். அதனால் நாலு-கே-ஆறோ நாலு-கே-பிளஸ்ஸோ வரிசையாக வந்தால் கண்ணை மூடிக்கொண்டு தமிழ்ப் பெயர் என்று சொல்லலாம். நடுவில் ஸ்பேஸ் விழுந்தால் வரிசை கலையும்.

எழுதும்போது பைனரி மோடில் எழுதுங்க. பெயரை அப்படியே நம்பி எழுதாதீங்க, முன்னால் ஒரு நம்பர் போடுங்க, "இன்வாய்ஸ்.பிடிஎஃப்" என்ற பெயரில் எத்தனை பார்ட்டி அனுப்பியிருப்பாங்களோ, ஒன்றன்மேல் ஒன்று எழுதிட்டுப் போயிடும்.

குடியாத்தம்_லுங்கி:
இவ்வளவு எதுக்கு? லினக்ஸ் இருந்தால் ஷார்யுட்டில்ஸ் போட்டு யுயுடீகோட் என்று தட்டுங்க, முடிஞ்சுது.

காட்பாடி_ஜங்ஷன்:
ஒரு மெயிலுக்குச் சரி. ஆனால் அது பிகின் வரியில் உள்ள பெயருக்கே எழுதும், அங்கே ஏற்கெனவே ஃபைல் இருந்தால் கோவிந்தா. மைனஸ் ஓ போட்டு நாமே பெயர் கொடுத்தால் பரவாயில்லை.

தோல்கிடங்கு:
ஃபேக்டரி போட்டதும் தமிழ்ப் பெயர் எல்லாம் வந்துவிட்டது அண்ணா, எக்செல்லும் திறக்கிறது. யுயு பகுதியை ஏ2பி-யுயு வைத்தே எழுதிவிட்டேன். இன்னொன்று, சில மெயிலில் "வின்மெயில்.டாட்" என்று மட்டும் ஒரு ஃபைல் வருகிறது, எதிலும் திறக்கவில்லை. இதுவும் என்கோடிங் பிரச்சினையா?

காட்பாடி_ஜங்ஷன்:
இல்லை, டீகோட் சரியாகத்தான் ஆகியிருக்கு. அது அவுட்லுக் கட்டி அனுப்பும் டிநெஃப் மூட்டை, உண்மையான அட்டாச்மென்ட் அதற்குள்ளே இருக்கு. பைத்தான் பேக்கேஜ் போடும் பிப்பில் டிநெஃப்பார்ஸ் என்று இருக்கு, போட்டுப் பாருங்க.