காங்கோ ஆற்றைப் பற்றி அதன் கரையில் வாழ்ந்தவர்களே சொன்ன எழுத்து வேண்டும்

வணக்கம் நண்பர்களே. எங்கள் வாசிப்பு வட்டத்தில் அடுத்த மாதம் ஜோசப் கான்ராடின் 'இருளின் இதயம்' பற்றி நான் பேச வேண்டும். 1890இல் காங்கோ ஆற்றில் நீராவிப் படகில் போன அனுபவத்தை வைத்து அவர் எழுதிய குறுநாவல். 1899இல் பத்திரிகையில் தொடராக வந்தது.

மூன்றாம் முறை படிக்கும்போதுதான் உறுத்தியது. அந்த ஆற்றுக்குக் கதையில் பெயரே இல்லை! வரைபடத்தில் அது ஒரு பெரும் பாம்பு. அதில் மேலேறிச் செல்வது உலகம் தோன்றிய காலத்துக்கே திரும்புவது போல என்கிறான் கதைசொல்லி மார்லோ. ஆனால் அந்த ஆற்றங்கரையில் வாழ்ந்த பொபாங்கி இன வணிகர்கள் தலைமுறை தலைமுறையாகத் துடுப்புப் போட்டுச் சரக்கு கொண்டுசென்ற பெருவழி அது. சந்தையும் ஊரும் இருந்த கரையை ஆதிக்காடாக்கிவிட்டால், அங்குள்ள மனிதர்கள் வெறும் கையும் காலும் கூச்சலுமாகத்தானே மிஞ்சுவார்கள்? காங்கோவை ஆண்ட பெல்ஜிய மன்னர் லியோபோல்டின் ஆட்சியில் நடந்த தந்தக் கொள்ளையின் கொடூரத்தைக் கதை காட்டுகிறது, அதை மறுக்கவில்லை. ஆனாலும் 1975இல் அமெரிக்காவில் ஆற்றிய உரையில் நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்செபி இதில் இனவாதம் இருப்பதாகச் சொன்னது சரியென்றே எனக்குப் படுகிறது.

அந்த உரை தமிழில் வந்திருக்கிறதா? எந்த இதழில் என்று தெரிந்தாலே போதும். அதைவிட முக்கியமாக, காங்கோ நாட்டவர்களே அந்த ஆற்றைப் பற்றி எழுதிய கதை, கவிதை, வாய்மொழிப் பாடல் ஏதேனும் படித்திருந்தால் சொல்லுங்கள். ஆங்கில மொழிபெயர்ப்பானாலும் சரி. பிரெஞ்சு அறிந்தவர்கள் ஒரு பக்கம் மொழிபெயர்த்துத் தந்தால், கான்ராடின் வரிகளுக்குப் பக்கத்தில் வைத்துக் கூட்டத்தில் வாசிப்பேன்.