அம்மாவையும் கூட்டிக்கொண்டு உளுரு பக்கம் குழுப் பயணம்: ஜூலையா, டிசம்பரா?

வெள்ளவத்தை_நிரோ:
தங்கச்சி மெல்பேர்னில் இருக்கிறாள், அம்மாவோடு அங்கே போகப் போகிறேன். அவ்வளவு தூரம் போய்விட்டு கடை கடையாக ஏறி இறங்கிவிட்டு வர மனமில்லை. அதனால் அவுஸ்திரேலியாவின் நடுவில் உள்ள அலிஸ் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் தொடங்கி கிங்ஸ் கன்யன் பள்ளத்தாக்கு, கட்டா ஜூட்டா பாறைக் குன்றுகள், உளுரு என்ற பெரிய செம்பாறை என்று நாலைந்து நாள் சின்ன பஸ்ஸில் கொண்டுபோகிற குழுப் பயணம் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். அம்மாவுக்கு 63 வயது, நடப்பார், ஆனால் முழங்கால் கரைச்சல், சுத்த சைவம். எனக்கு லீவு எடுக்க டிசம்பர்தான் வசதி, தங்கச்சி ஜூலையில் வா என்கிறாள். இரவில் ஸ்வாக் என்று ஏதோ ஒன்றுக்குள் வெட்டவெளியில் படுக்க வேண்டுமாம், அது என்ன? இல்லை, காரை வாடகைக்கு எடுத்து நாங்களே ஓடிப் போகலாமா?

டண்டினோங்_குமார்:
டிசம்பரை விடுங்கள் தம்பி. அங்கே அப்போது கோடைகாலம், பகல் வெயில் 36, 40 என்று ஏறும். கட்டா ஜூட்டாவின் காற்றுப் பள்ளத்தாக்கு நடைபாதையை, 36 டிகிரி வரும் என்று முன்னறிவிப்பு இருந்தாலே காலை 11 மணிக்குப் பிறகு முதல் பார்வைமேடையோடு மறித்துவிடுவார்கள். காசைக் கட்டிவிட்டு பஸ் கண்ணாடிக்குள்ளால் பார்த்துவிட்டு வருவதா? ஜூலை அங்கே குளிர்காலம், பகல் 20 டிகிரி அளவில்தான், நடக்க நல்ல சுகம். இரவுதான் பிரச்சினை, நுவரெலியாக் குளிரைக் கண்டவர்கள்தானே என்று மெல்லிய சுவெட்டரோடு போய்விடாதீர்கள், சில இரவுகளில் சைபருக்குக் கீழேயும் போகும்.

ஸ்வாக் என்பது தடித்த கன்வஸ் உறை, உள்ளே மெல்லிய மெத்தை, அதற்குள் ஸ்லீப்பிங் பாக்கை விரித்துப் படுப்பது. வானம் முழுக்க நட்சத்திரம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நிலத்தோடு நிலமாகப் படுத்து விடியற்காலை இருட்டில் எழும்ப வேண்டும், முழங்கால் வருத்தம் உள்ளவருக்கு அது தண்டனை. இதே பாதையில் கட்டில் போட்ட கூடாரம், அறை என்று தருகிற பயணங்களும் இருக்கின்றன, விலை கூட. காசு கட்ட முன்னம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அம்மா எதில் படுக்கப் போகிறார் என்பதுதான்.

கார் வேண்டாம். அலிஸிலிருந்து உளுரு 450 கிலோமீற்றர், கொழும்பு–யாழ்ப்பாணத்தை விடக் கூட, இடையில் தேத்தண்ணிக் கடை என்று எண்ணி இரண்டு மூன்று ரோட்ஹவுஸ்தான் (பெற்றோலும் சாப்பாடும் கிடைக்கும் வழித்தங்கல்). பொழுது பட்டால் கங்காரு, மாடு, காட்டு ஒட்டகம் எல்லாம் ரோட்டுக்கு வரும், இரவில் அதில் மோதினால் பல வாடகைக் கார் கொம்பனிகளின் காப்புறுதி கைகொடுக்காது.

கொட்டாஞ்சேனை_ரவி:
நான் வேறு மாதிரிச் சொல்வேன். அலிஸுக்கே போகாதீர்கள். சிட்னி, மெல்பேர்னிலிருந்து உளுருவுக்குப் பக்கத்து விமான நிலையத்துக்கு நேரே பறக்கலாம், பக்கத்தில் உள்ள யுலாரா என்ற சுற்றுலா ஊரில் தங்கலாம், அங்கிருந்து அரைநாள் பஸ்ஸில் உளுரு, கட்டா ஜூட்டா இரண்டையும் பார்த்துவிடலாம். அம்மாவை எதற்கு நாள் முழுக்க பஸ்ஸில் குலுக்குகிறீர்கள்?

டண்டினோங்_குமார்:
ரவி சொல்வது பிழையில்லை, ஆனால் யுலாராவில் அறை விலையைக் கேட்டீர்களா? கிங்ஸ் கன்யனும் அங்கிருந்து இன்னும் 300 கிலோமீற்றர், அதை விட்டுவிட வேண்டியதுதான். அதோடு, அந்தச் செம்மண் மணிக்கணக்காக ஓடிக்கொண்டே இருப்பதைப் பார்க்காமல் பாறைக்கு முன்னால் போய் இறங்கினால் பாதிப் பயணம் போச்சு. போகிற வழியில் மவுண்ட் கொன்னர் என்று தட்டையான ஒரு மலை தெரியும், பஸ்ஸில் பாதிப்பேர் அதுதான் உளுரு என்று படம் எடுத்துத் தள்ளுவார்கள்.

சுகந்தி_அக்கா:
அம்மாவை நினைத்துத்தான் எழுதுகிறேன். கிங்ஸ் கன்யனின் மேல்விளிம்பு நடை 6 கிலோமீற்றர், தொடக்கத்திலேயே செங்குத்தாகப் படி ஏற வேண்டும், அது அவருக்கு வேண்டாம். கீழே ஓடையோரமாகச் சின்னப் பாதை இருக்கிறது, அதில் விடச் சொல்லி வழிகாட்டியிடம் முதல் நாளே பேசுங்கள். உளுருவைச் சுற்றி முழுதாக நடந்தால் 10 கிலோமீற்றருக்கு மேல், ஆனால் முட்டிஜூலு நீர்நிலை வரை போய்வரும் பாதை மட்டமானது, ஒரு கிலோமீற்றர்தான், பாறைக் குகையில் பழைய ஓவியங்களும் அங்கேதான். மேலே ஏற நினைக்கவே வேண்டாம், 2019 ஒக்டோபர் 26 முதல் தடை. அது அனாங்கு என்ற அந்த மண்ணின் பழங்குடி மக்களின் புனித இடம், ஏறாதீர்கள் என்று அவர்கள் எத்தனையோ வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சில பக்கங்களில் படம் எடுக்கக் கூடாது என்று பலகை இருக்கும், நம் கோயில் மூலஸ்தானத்துக்கு முன்னால் யாராவது போனைத் தூக்கினால் நமக்கு எப்படி இருக்கும்?

சாப்பாடு: பதியும்போதே சைவம் என்று எழுத்தில் கொடுங்கள். முட்டை, மீன் கூடாது என்றும் சேர்த்து எழுதுங்கள். நாங்கள் போன பஸ்ஸில் இறைச்சி வாட்டிய அதே தட்டில்தான் மரக்கறியையும் போட்டார்கள், ஒரு அம்மா பாணும் ஜாமும் சாப்பிட்டே நாளை ஓட்டினார். ஈக்கு முகவலை வாங்குங்கள், குளிர்காலத்தில் ஈ குறைவு, ஆனால் இல்லாமல் போகாது.

வெள்ளவத்தை_நிரோ:
நன்றி அக்கா, குமார் அண்ணா. ஜூலைக்கே லீவு கேட்டுப் பார்க்கிறேன், கட்டில் உள்ளதாகவே தேடுகிறேன். அம்மா பருப்புப் பொடியும் எலுமிச்சங்காய் ஊறுகாயும் கட்டிக்கொண்டு வரப் போகிறாராம், விடுவார்களா?

சுகந்தி_அக்கா:
எதைக் கொண்டுபோனாலும் வருகை அட்டையில் உணவு இருக்கிறது என்று குறியிடுங்கள். சொல்லிவிட்டால், ஆகக் கூடினால் வாங்கி எறிவார்கள். சொல்லாமல் பிடிபட்டால் தண்டப்பணம். கடையில் வாங்கிய, மூடி உடைக்காத பைக்கற் என்றால் பேச்சு குறைவு, அம்மாவின் கைப்பொடியை மெல்பேர்னில் தங்கச்சி வீட்டிலேயே வறுத்து இடிக்கச் சொல்லுங்கள்.