மே 18: கஞ்சி காய்ச்சுபவர்களும் பெயர் சேர்ப்பவர்களும் தெரிந்ததை எழுதுங்கள்

மே 12 முதல் 18 வரை முள்ளிவாய்க்கால் நினைவு வாரம். 2009 இல் இலங்கைப் போரின் கடைசி நாட்களில் அங்கே இறந்தவர்களை, அப்போது அவர்கள் குடித்த கஞ்சியையே காய்ச்சிக் கொடுத்து நினைக்கிறோம். ஒவ்வொரு வருடமும் புதிதாக யாராவது கஞ்சிக்குப் பொறுப்பெடுத்து, கடைசி நேரத்தில் அளவு கேட்டு ஓடி வருகிறார்கள். அதனால் முதலில் அளவு.

100 பேருக்கு அரிசி ஒன்றரைக் கிலோ, தண்ணீர் 16 லீற்றர், உப்பு 100 கிராம். வேறொன்றும் இல்லை. அரிசியைக் கழுவி, தண்ணீர் கொதித்த பிறகு போடுங்கள். பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பைப் பற்ற வைத்தால் அரிசி அடியில் போய் இருந்துவிடும், பிறகு எவ்வளவு துழாவினாலும் அடிப்பிடிக்கும். பெரிய கிடாரத்தில் ஒரு கரண்டி அடிப்பிடித்தாலே முழுக் கஞ்சியும் புகை மணக்கும். பச்சையரிசி சீக்கிரம் குழையும், குத்தரிசி என்றால் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். உப்பைக் கடைசியில் போடுங்கள். பக்கத்தில் மூன்று லீற்றர் சுடுதண்ணீர் தயாராக இருக்கட்டும், ஏனென்றால் இறக்கிப் பத்து நிமிடத்தில் கஞ்சி இறுகத் தொடங்கும். வரிசையில் கடைசியாக நிற்பவருக்குக் களி கிடைக்கக்கூடாது.

தேங்காய்ப்பால் விடலாமா என்று கேட்பார்கள். தேங்காய் கிடைத்த நாட்களில் பால் விட்டுக் காய்ச்சினார்கள் என்று அங்கிருந்து வந்தவர்கள் சொல்வதுண்டு. கடைசி நாட்களில் அரிசி, தண்ணீர், உப்பு மட்டும்தான், அதுவும் நந்திக்கடல் களப்புக்கும் பெருங்கடலுக்கும் நடுவில் உள்ள மணலில் கிண்டிய கிணற்றுத் தண்ணீர், உவர். என் கருத்து, பால் வேண்டாம். வெந்தயம், பூண்டு, இஞ்சி போட்டு நோன்புக் கஞ்சி மாதிரி ஆக்குவது அறவே வேண்டாம். குடிக்கிற பிள்ளை "ஏன் இதில் ஒன்றுமே இல்லை?" என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் கிடாரம் வைக்கிறோம்.

இன்னொன்று, கதிரையில் இருத்தி வைத்துப் பரிமாறாதீர்கள். வரிசையில் நிற்கட்டும். 2009 ஏப்ரல் 8, அம்பலவன்பொக்கணையில் பால்மாவுக்கு வரிசையில் நின்ற தாய்மார்மேலும் பிள்ளைகள்மேலும் ஷெல் விழுந்தது. வரிசை என்றால் என்னவென்று நின்று பார்த்தால்தான் தெரியும்.

---

கஞ்சி ஊற்றிக் கொடுக்கும் தேங்காய்ச் சிரட்டை பற்றி மேலே எழுதிய அண்ணை எழுதவில்லை, நான் எழுதுகிறேன். பிழை விடுவது அதிகம் அங்கேதான்.

ஒரு தேங்காயில் இரண்டு சிரட்டை வரும், ஆனால் பாவிக்கக்கூடியது ஒன்று. கண் உள்ள பாதி ஒழுகும், அது அகப்பைக்கு மட்டும்தான். ஆக 100 பேருக்கு 100 தேங்காய் உடைக்க வேண்டும், உடைந்து போகிறதுக்கு இன்னும் பத்தோ பதினைந்தோ கூட வையுங்கள். கோயில்கள், சாப்பாட்டுக் கடைகளில் ஒரு மாதம் முதலே சொல்லி வைத்தால் சும்மா தருவார்கள். வெளியே உள்ள தும்பை உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டி, உட்பக்கம் ஒட்டிய தேங்காயை வழித்து, வெயிலில் காய வைத்து எடுங்கள். ஈரமாகப் பையில் கட்டினால் இரண்டு நாளில் பூஞ்சணம். பாவிக்கும் நாளுக்கு முதல் நாள் பத்து நிமிடம் தண்ணீரில் அவித்து அந்தத் தண்ணீரை ஊற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் கஞ்சியில் செம்மண் நிறம் இறங்கும்.

முக்கால் அளவுக்கு மேல் ஊற்றாதீர்கள். சிரட்டைக்கு அடி இல்லை, கீழே வைக்க முடியாது. குடித்து முடிக்கும் வரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். போனில் படம் எடுக்கக் கை இருக்காது. பிளாஸ்டிக் கோப்பைக்கு மாறாதீர்கள் என்று நான் சண்டை பிடிப்பது இதற்காகத்தான்.

---

குளிர் நாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு விசயம். தேங்காயெண்ணெய் விளக்கு வெளியில் எரியாது. 24 பாகைக்குக் கீழே எண்ணெய் உறையும், மே மாதக் கனடாவில் திரி தலை கருகி நூர்ந்து போகும். நல்லெண்ணெய் பாவியுங்கள். ஊரில் கடற்கரையில் ஏற்றுபவர்களுக்குப் பிரச்சினை காற்று. வைகாசியில் சோழகக் காற்று தொடங்கிவிடும், அதனால் திரியைத் தடிப்பாகத் திரித்து, சிட்டி விளக்கை மணலில் பாதி புதைத்து வையுங்கள்.

---

துண்டறிக்கை எழுதுகிறவர்கள் இறந்தவர், கணக்கில் வராதவர் எண்களில் கவனமாக இருங்கள். ஒரே பந்தியில் 40,000 என்றும் 1,46,679 என்றும் எழுதிவிட்டு, கேட்டால் முழிப்பதைப் பார்க்க வயிறு எரிகிறது. மறுப்பவனுக்கு வேறு என்ன வேண்டும்?

ஐ.நா. செயலாளர் நாயகம் அமைத்த நிபுணர் குழு 2011 அறிக்கையில், 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்பதை மறுக்க முடியாது என்றது. 2012 இல் ஐ.நா. தன் சொந்தத் தவறுகளை ஆராய்ந்த உள்ளக அறிக்கை, 70,000 பேருக்கு மேல் கணக்கில் வரவில்லை என்பதற்கான நம்பகமான தகவல் உண்டு என்றது. 1,46,679 என்பது மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை இலங்கை அரசு அமைத்த நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் வைத்தது. அரச செயலகங்களின் கணக்குப்படி 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் வன்னியில் 4,29,059 பேர். அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள் 2,82,380 பேர். கழித்துப் பாருங்கள். இது இறந்தவர் தொகை அல்ல, என்ன ஆனார்கள் என்று அரசு பதில் சொல்ல வேண்டியவர்களின் தொகை. ஆயர் கேட்டதும் அதைத்தான். எண்ணை எழுதும் இடத்திலேயே யார் சொன்னது, எதைக் கழித்து வந்தது என்பதையும் எழுதிவிடுங்கள்.

"இனப்படுகொலை" என்ற சொல்லுக்கும் அப்படித்தான். 1948 இனப்படுகொலை உடன்படிக்கையின் இரண்டாம் உறுப்புரை ஐந்து செயல்களைச் சொல்கிறது, ஆனால் வழக்கு எல்லாம் நிற்பது நோக்கத்தில்: ஒரு இனத்தை, அந்த இனம் என்பதற்காகவே, முழுதாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கம். வட மாகாண சபை 2015 பெப்ரவரியில் தீர்மானம் போட்டதும், கனடா நாடாளுமன்றம் 2022 இல் மே 18 ஐத் தமிழ் இனப்படுகொலை நினைவு நாளாக ஏற்றதும் அரசியல் அங்கீகாரங்கள். நீதிமன்றத் தீர்ப்பு இன்னும் இல்லை. அதை ஒளிக்காமல் சொல்லுங்கள். அது இல்லாததுதான் நம் ஆறாத புண்.

---

இறந்தவர், காணாமல் ஆக்கப்பட்டவர் பெயர்ப் பட்டியல் வேலையில் இருப்பவர்களுக்குச் சில குறிப்புகள். யாழ். பல்கலைக்கழகத்து முள்ளிவாய்க்கால் நினைவுத் தூபியை 2021 ஜனவரி 8 இரவு இடித்தார்கள், ஏப்ரலில் திரும்பக் கட்டித் திறந்தாயிற்று. கல்லைத் திரும்பக் கட்டலாம். பெயரைச் சொல்லக்கூடிய ஆச்சி கண் மூடினால் அந்தப் பெயரை எங்கே போய் எடுப்பது? அந்தப் பயம்தான் எனக்குப் பெரிது.

வீட்டுப் பெயர், பதிவுப் பெயர் இரண்டையும் கேளுங்கள். ஒரே ஆள் "ராசன்" என்று ஒரு தாளிலும் பதிவுப் பெயரில் இன்னொரு தாளிலும் வந்து இரண்டு பேராகிவிடுவது அடிக்கடி நடக்கிறது. முதலெழுத்தை விரித்து எழுதுங்கள். கலியாணம் கட்டிய பெண்ணுக்குத் தகப்பன் பெயர், கணவன் பெயர் இரண்டும் வேண்டும். பிறந்த ஊர் வேறு, இடம்பெயர முன் இருந்த ஊர் வேறு, கடைசியாகக் கண்ட இடம் வேறு, மூன்றுக்கும் தனி நிரல் போடுங்கள். திகதி நினைவில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள், வற்புறுத்தினால் ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடுவார்கள். "மாத்தளனை விட்டு வெளிக்கிட்ட பிறகா, முதலா?" என்று இடத்தை வைத்துக் கேட்டால் சரியாக வரும்.

இறந்தவர், காணாமல் ஆக்கப்பட்டவர், வட்டுவாகலில் இராணுவத்திடம் கையளிக்கப்பட்டவர், இந்த மூன்றையும் ஒருபோதும் ஒரே பட்டியலில் போடாதீர்கள். கையால் கொண்டுபோய்க் கொடுத்த பிள்ளையின் பெயரை இறந்தவர் வரிசையில் கண்டால் அந்தத் தாய்க்கு என்ன ஆகும் என்று யோசியுங்கள். 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் போராட்டம் தொடங்கியதிலிருந்து படத்தோடு இருக்கும் அம்மாமார் பலர், பிள்ளைக்கு விளக்கேற்றச் சம்மதிக்க மாட்டார்கள். அவர்கள் கேட்பது பதில்.

படங்களைப் பற்றி: லமினேட் செய்த படத்தைப் பிரிக்காதீர்கள், மேற்பூச்சோடு முகமும் உரிந்து வந்துவிடும். இருக்கிறபடியே 600 டிபிஐயில் ஸ்கேன் பண்ணுங்கள், பின்பக்கத்தையும் சேர்த்து. பின்பக்கத்தில்தான் பெரும்பாலும் திகதியும் கடைப் பெயரும் இருக்கும். மூலப் படத்தை வாங்கிக்கொண்டு போகாதீர்கள், அவர்கள் வீட்டிலேயே வைத்துச் செய்யுங்கள். அந்த ஒன்றுதான் பல வீடுகளில் மிஞ்சியிருக்கிறது.

முழுக் குடும்பமாகப் போனவர்களுக்குப் பெயர் கொடுக்க ஆள் இல்லை. அயலவரைக் கேளுங்கள், பள்ளிக்கூட வரவுப் பதிவேடு, கோயில் உபயகாரர் பட்டியல், தேவாலயத்து ஞானஸ்நானப் புத்தகம் பாருங்கள். பதுங்குகுழியில் பிறந்து பெயர் வைக்க முன்பே போன குழந்தைகளுக்கு வரியை விட்டுவிடாதீர்கள். தாயின் பெயரைப் போட்டு, "இன்னாரின் பிள்ளை, கைக்குழந்தை" என்று எழுதி, தனி எண் கொடுங்கள்.