வேற்றுமொழி நோயாளிக்கு ஜி.சி.எஸ்.: பேச்சுக்கு எத்தனை மதிப்பெண் போடுவது?

கேள்வி (நர்சிங் மாணவி, காட்பாடி):
வணக்கம். வேலூரில் பி.எஸ்சி. நர்சிங் இறுதியாண்டு படிக்கிறேன். தற்போது நரம்பியல் அறுவை சிகிச்சை வார்டில் பயிற்சி. தலைக்காயத்தோடு வருபவர்களுக்கு ஜி.சி.எஸ். (நினைவுத் தெளிவை மதிப்பெண்ணால் அளக்கும் கிளாஸ்கோ கோமா அளவுகோல்) பார்க்கும்போது கண் திறப்பும் கை கால் அசைவும் பிடிபட்டுவிட்டன. பேச்சுப் பகுதியில்தான் தடுமாறுகிறேன். வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வருபவர்களுக்கு என் கேள்வியே புரிவதில்லை. அணைக்கட்டுப் பக்கத்துப் பாட்டி ஒருவரோ, இது என்ன மாதம் என்றால் "ஆடி" என்கிறார். தேதி சொல்லத் தெரியவில்லை. இவர்களுக்குப் பேச்சில் வி4 (குழப்பமான பேச்சு) போடுவதா, வி5 (தெளிவான பேச்சு) போடுவதா?

பதில் (நரம்பியல் ஐ.சி.யூ. செவிலியர், வேலூர்):
தங்கைக்கு வணக்கம். நடப்பது ஆடி மாதம்தான் என்றால், பெயரையும் "அடுக்கம்பாறை ஆஸ்பத்திரி" என்று இடத்தையும் சரியாகச் சொல்லும் பாட்டிக்குத் தயங்காமல் வி5 போடுங்கள். தான் யார், எங்கே இருக்கிறோம், இது எந்தக் காலம் என்ற தெளிவு இருக்கிறதா என்பதே நமக்கு வேண்டும். அதே பாட்டி, "திண்ணையில் உட்கார்ந்திருக்கிறேன், மாட்டைப் பிடித்துக் கட்ட வேண்டும்" என்று கோவையாகவே பேசினாலும் அது வி4. தொடர்பில்லாத சொற்கள் மட்டும் வந்தால் 3. வெறும் முனகலுக்கு 2.

வேற்றுமொழிக்காரர் என்றால் அட்டெண்டரை (உடன் வந்த உறவினரை) படுக்கையருகே அழைத்து, கேள்வியை மட்டும் அவர்கள் மொழியில் கேட்கச் சொல்லுங்கள். பாசத்தில் விடையையும் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள் என்பதால் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மொழி தெரிந்தவர் யாருமே கிடைக்காதபோது 1 (குரலே வரவில்லை) என்று எழுதுவது பெரும் பிழை. சோதிக்க இயலவில்லை என்று குறித்து, காரணத்தையும் எழுதுங்கள். தொண்டையில் குழாய் போட்டவருக்கும் இதே முறைதான்.

பதில் (நர்சிங் ஆசிரியர், ராணிப்பேட்டை):
மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். 1974இல் கிளாஸ்கோவில் டீஸ்டேலும் ஜென்னட்டும் வெளியிட்ட இந்த அளவுகோலில் கண் (ஈ), பேச்சு (வி), அசைவு (எம்) மூன்றையும் தனித்தனியே எழுதுவதுதான் பயன் தரும். ஈ4 வி1 எம்5 என்பதும் ஈ2 வி4 எம்4 என்பதும் கூட்டினால் 10தான், ஆனால் அந்த இரு நோயாளிகளின் நிலையும் வேறு வேறு, ஷிப்ட் மாறும்போது "ஜி.சி.எஸ். 10" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால், அடுத்து வருபவருக்கு எது குறைந்தது என்றே தெரியாது.

அசைவைப் பார்க்கும்போது கையைப் பிடிக்கச் சொல்வதோடு நிறுத்திவிடாமல், விடவும் சொல்ல வேண்டும். உள்ளங்கையில் விரல் பட்டதும் தானாக இறுகுவது அனிச்சைச் செயலாக இருக்கலாம் என்பதால், சொன்னதும் விடுகிறாரா என்பதுதான் எம்6க்கு (சொன்னபடி அசைப்பதற்கு) சான்று. கண்மணியை வெளிச்சம் குறைந்த நிலையில், டார்ச்சைப் பக்கவாட்டிலிருந்து கொண்டுவந்து பார்க்க வேண்டும். முன்பு சமமாக இருந்தவற்றில் ஒன்று விரிந்து வெளிச்சத்துக்குச் சுருங்காமல் நின்றால், மூளையின் வீக்கமோ இரத்தக் கட்டோ கண்மணியைச் சுருக்கும் மூன்றாம் மூளை நரம்பை அழுத்துவதாக இருக்கலாம். உடனே மருத்துவரை அழைக்க வேண்டும். இரத்த அழுத்தம் ஏறி நாடி குறையும்வரை காத்திருக்கக் கூடாது, அது மிகவும் தாமதமாகவே தெரியும் அறிகுறி. கண்புரை அறுவை சிகிச்சை செய்துகொண்ட முதியவர்களுக்குக் கண்மணி ஒழுங்கற்றிருக்கலாம் என்பதால், முதல் முறை பார்க்கும்போதே அதைக் கேட்டுக் குறித்து வைப்பது நல்லது.

மாணவி:
மிக்க நன்றி அக்கா, நன்றி ஐயா. இரவு டியூட்டியில் அயர்ந்து தூங்குபவரையும் எழுப்பத்தான் வேண்டுமா? உறவினர்கள் வருத்தப்படுகிறார்கள்.

பதில் (நரம்பியல் ஐ.சி.யூ. செவிலியர், வேலூர்):
கட்டாயம் எழுப்ப வேண்டும் அம்மா. தூக்கமும் மயக்கமும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். முழுவதும் விழிக்க வைத்த பிறகே மதிப்பெண் போடுங்கள். பிரிட்டனில் சிகிச்சை நெறிமுறைகளை வகுக்கும் நைஸ் அமைப்பின் வழிகாட்டுதல், முழு மதிப்பெண்ணான 15ஐ எட்டிய நோயாளியையும் முதல் 2 மணி நேரம் அரை மணிக்கொரு முறையும், அடுத்த 4 மணி நேரம் மணிக்கொரு முறையும், பிறகு 2 மணிக்கொரு முறையும் பார்க்கச் சொல்கிறது. உங்கள் வார்டில் மருத்துவர் எழுதிய இடைவெளியைப் பின்பற்றுங்கள். எதற்காக எழுப்புகிறோம் என்பதை உறவினரிடம் மாலையிலேயே விளக்கிவிட்டால், நள்ளிரவில் அவர்களே எழுந்து உதவுவார்கள்.