பெற்றோலியக் கூட்டுத்தாபனம் அரசின் கையிலேயே இருக்க வேண்டுமா?

கொட்டகலைவாசி:
1961ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றிய இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம், மறு ஆண்டே ஷெல், எசோ, கல்டெக்ஸ் ஆகிய வெளிநாட்டு எண்ணெய்க் கம்பனிகளின் சொத்துகளைப் பொறுப்பேற்றதால் எழுந்த இழப்பீட்டுத் தகராறில் அமெரிக்கா தன் உதவியையே நிறுத்தியது. அத்தனை நெருக்குதலுக்கும் ஈடுகொடுத்துப் பெற்ற உரிமையை இன்று விற்கலாம் என்பது எனக்கு ஏற்புடையதன்று. 1969 முதல் கொழும்புக்கு அருகிலுள்ள சபுகஸ்கந்தவில் மசகு எண்ணெயை (கச்சா எண்ணெயை) நாமே சுத்திகரிக்கிறோம். கொட்டகலைக் களஞ்சியத்துக்கு ரயில் தாங்கிகளில் எண்ணெய் மலையேறி வருகிறது. இலாபத்தை மட்டும் பார்க்கும் கம்பனி, விற்பனை குறைந்த தோட்டப்புறங்களுக்காக இதைப் பேணுமா?

பண்டாரவளைக் கணக்காளர்:
அதே சுத்திகரிப்பு நிலையம், மசகு எண்ணெய் வாங்க டொலர் இல்லாமல் 2021 நவம்பரில் தற்காலிகமாக மூடப்பட்டதை நண்பர் ஏன் விட்டுவிட்டார்? நாளொன்றுக்குச் சுமார் 50,000 பீப்பாய் கொள்ளளவுள்ள பழைய நிலையம் அது. நாட்டின் தேவையில் பெரும்பகுதி சுத்திகரித்த எண்ணெயாகவே இறக்குமதியாகிறது. ஆனால் பெரிய பலவீனம் வேறு: கொள்விலைக்குக் கீழே விற்று, அந்த நட்டத்தை அரச வங்கிக் கடனால் மூடி வந்தார்கள். ஏழைகளுக்காக என்றார்கள். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாய்க்கு ஏறியபோது, தோட்ட லயன் அறைகளில் அடுப்பெரித்தவர்களும் நுவரெலியாவில் மரக்கறிக்குத் தண்ணீர் இறைத்தவர்களும் அல்லவா அதைச் சுமந்தார்கள்? படிப்படியாக ஏறியிருந்தால் ஓரளவாவது சமாளித்திருப்பார்கள்.

கொட்டகலைவாசி:
விலையைத் தீர்மானித்தவர்கள் ஆட்சியாளர்கள். மின்சார சபையும் ஸ்ரீலங்கன் விமான சேவையும் வாங்கிய எரிபொருளுக்கு உரிய காலத்தில் பணம் செலுத்தாமல் நிலுவையைப் பெருக்கின. இந்தக் குற்றங்களையெல்லாம் கூட்டுத்தாபனத்தின் தலையில் கட்டுவது நியாயமா?

ஹட்டன் ஆட்டோ ஓட்டுநர்:
2022 ஜூன் இறுதியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசு அறிவித்தபோதும், 2003 முதல் இங்கு இயங்கும் லங்கா ஐஓசி நிலையங்களில் விற்பனை நடந்தது. அதன் இந்தியத் தாய் நிறுவனத்திடம் டொலர் இருந்ததே காரணம். ஆகவே எல்லாம் ஒரே கையில் இருப்பதை நான் விரும்பவில்லை. எனினும், ஒவ்வொரு வாகனத்துக்கும் வாராந்த அளவை வரையறுத்து, பின்னர் வரிசைகளைக் குறைத்த கியூஆர் பங்கீட்டை எல்லா நிலையங்களிலும் நடைமுறைப்படுத்த அரசால்தான் முடிந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பண்டாரவளைக் கணக்காளர்:
கொட்டகலை நண்பருக்கு: ஆட்சியாளரின் சொல்லை மறுக்க முடியாத நிறுவனம் என்றால், நான் சொல்லும் பலவீனம் அதுதான். உலகச் சந்தை விலைக்கேற்ப உள்நாட்டு விலையை மாற்ற 2018இல் கொண்டுவந்த விலைச் சூத்திரத்தைக் கைவிட்டு, நெருக்கடி முற்றிய பின்னர் 2022இல் மீண்டும் எடுத்தார்கள். அதை எவரும் நினைத்தபோது நிறுத்த முடியாதபடி சட்டமாக்க வேண்டும்; மானியம் கொடுப்பதானால் திறைசேரி அதை வரவுசெலவுத் திட்டத்தில் காட்டி, குடும்பங்களுக்கு நேரடியாகக் கொடுக்கட்டும்.

கொட்டகலைவாசி:
சட்டமாக்குவதை ஏற்கிறேன், நிறுவனத்தை விற்பதை அல்ல. நேரடிக் கொடுப்பனவு என்றால் முதலில் பயனாளிகள் பட்டியல் சரியாக வேண்டும். தோட்டக் குடும்பங்கள் எத்தனையோ நலன்புரிப் பட்டியல்களில் விடுபட்டிருக்கின்றன. அவர்களின் பெயர்கள் சேரும்வரை மண்ணெண்ணெய்க்கு மட்டுமாவது விலை மானியத்தைத் திறைசேரியின் செலவில் வழங்க வேண்டும்.