மூன்றாம் வகுப்புக் கழித்தல்: கற்றல் விளைவை அடைந்தார்களா என்பதை எப்படி மதிப்பிடுவது?

கேள்வி (இடைநிலை ஆசிரியை, ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி)

அனைவருக்கும் வணக்கம். ஒன்று முதல் மூன்று வரையுள்ள வகுப்புகளை ஒரே அறையில் கற்பித்து வருகிறேன். தமிழக அரசின் அடிப்படை எழுத்தறிவு, எண்ணறிவுத் திட்டமான எண்ணும் எழுத்தும் திட்டத்தின்படி குழந்தைகள் அரும்பு, மொட்டு, மலர் எனக் கற்றல் நிலைவாரியாக அமர்கிறார்கள். பயிற்சி நூல், ஆசிரியர் கையேடு, செயலிவழி வளரறி மதிப்பீடு (கற்பிக்கும்போதே அவ்வப்போது செய்யும் மதிப்பீடு) ஆகிய அனைத்தும் கையில் இருக்கின்றன. ஆயினும், இனமாற்றத்துடன் (ஒரு பத்தைப் பத்து ஒன்றுகளாக மாற்றிக்கொள்வதுடன்) கூடிய கழித்தலை ஒரு குழந்தை உண்மையிலேயே கற்றுக்கொண்டது என்று எதைக் கொண்டு முடிவுசெய்வது என்பதில் எனக்குத் தெளிவு தேவைப்படுகிறது. தீக்குச்சிக் கட்டுகளைக் கொடுத்தால் 52-இலிருந்து 27-ஐச் சரியாக எடுத்துவிடும் குழந்தைகள், அதே கணக்கைச் சிலேட்டில் போடும்போது 35 என்று எழுதுகிறார்கள். இவர்களை எந்த நிலையில் வைப்பது?

மற்றொரு ஐயமும் உண்டு. தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழு 2017-இல் வெளியிட்ட கற்றல் விளைவுகளில், அதாவது ஒவ்வொரு வகுப்பிலும் குழந்தை அடைய வேண்டிய திறன்களின் பட்டியலில், மூன்றாம் வகுப்புக்கு 999 வரையிலான எண்கள் குறிக்கப்பட்டுள்ளன. 2021-இல் தொடங்கப்பட்ட, அடிப்படை எழுத்தறிவுக்கும் எண்ணறிவுக்குமான ஒன்றிய அரசின் நிபுண் பாரத் திட்டத்தின் இலக்கோ 9999 வரை செல்கிறது. இவற்றில் எதைப் பின்பற்றுவது?

பதில் 1 (தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர்)

வணக்கம் டீச்சர். 35 என்ற விடை உங்களுக்குப் பெரிய உதவியைச் செய்திருக்கிறது. அந்தக் குழந்தை ஒவ்வோர் இடத்திலும் எது பெரிய எண் என்று பார்த்து, அதிலிருந்து சிறியதைக் கழிக்கிறது. 7-இல் 2 போக 5, 5-இல் 2 போக 3. கழித்தல் அதற்குத் தெரிகிறது. 52 என்பது முழுமையான ஓர் எண் என்ற பார்வைதான் எழுத்துக் கணக்கில் இல்லை. "தவறு" என்ற ஒரே பதிவு இதை நமக்குக் காட்டாது. ஆகவே, தவறான விடையே காரணத்தைச் சொல்லும்படியான கேள்விகளை நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நான் நான்கு கணக்குகளை வரிசையாகக் கொடுப்பது வழக்கம்: 58 − 23, 52 − 27, 50 − 27, 302 − 145. முதலாவதில் இனமாற்றமே இல்லை. அதிலேயே தடுமாறுகிற குழந்தைக்கு இடமதிப்பிலிருந்து தொடங்க வேண்டும். மூன்றாவதற்கு 37 என்றோ 30 என்றோ விடை வந்தால், பூச்சியத்திலிருந்து 7-ஐக் கழிக்க வேண்டிய இடத்தில் குழந்தை என்ன செய்தது என்பது தெரிந்துவிடும். நான்காவதுதான் மிகவும் நுட்பமானது. 243 என்று வந்தால் பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்கும் அதே பழக்கம். 147 என்று வந்தால், குழந்தை நூறுகளில் ஒன்றை எடுத்து, இடையிலுள்ள பத்துகளைத் தாண்டி நேரே ஒன்றுகளுக்குக் கொடுத்துவிட்டு, பத்துகளில் 4-இலிருந்து 0-ஐக் கழித்திருக்கக்கூடும். இனமாற்றம் தேவை என்பதை அது அறிந்திருக்கிறது, ஒரு நூறு பத்துப் பத்துகளாக மாறும் படியை மட்டும் விட்டிருக்கிறது. சரியான விடையான 157-ஐ எட்டாத இந்த இரு குழந்தைகளுக்கும் ஒரே பயிற்சித்தாளைக் கொடுப்பதில் பயனில்லை.

தீக்குச்சிக்கும் சிலேட்டுக்கும் இடையில் ஒரு படி விடுபடுகிறது என்றே நினைக்கிறேன். கட்டுக்கு ஒரு கோடு, தனிக் குச்சிக்கு ஒரு புள்ளி என்று வரையச் சொல்லுங்கள். ஒரு கோட்டை அடித்துவிட்டுப் பத்துப் புள்ளிகளை வைக்கும்போதே, பக்கத்தில் 5-ஐ அடித்து 4 என்றும், 2-ஐ 12 என்றும் எழுதச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே செயல் என்பதைக் குழந்தை தன் வாயால் சொல்லும் வரை எழுத்துக் கணக்கைத் தனியாகக் கொடுக்க வேண்டாம்.

பதில் 2 (ஆசிரியர் பயிற்றுநர்)

இரண்டாவது ஐயத்துக்கு மட்டும் என் பதில். இரு ஆவணங்களுக்கும் இடையில் நீங்கள் அஞ்சும் அளவுக்கு முரண்பாடு இல்லை. நிபுண் பாரத் இலக்கு 9999 வரை கேட்பது எண்களைப் படிக்கவும் எழுதவும். அத்துடன் எளிய பெருக்கல் கணக்குகளையும் சேர்க்கிறது. 2017-ஆம் ஆண்டு ஆவணத்தில் கூட்டல், கழித்தல் ஆகிய செயல்பாடுகள் 999-ஐத் தாண்டுவதில்லை. எனவே நான்கிலக்கக் கழித்தலை மூன்றாம் வகுப்பில் திணிக்காமல், செயல்பாடுகளை மூன்றிலக்கத்துக்குள் உறுதிப்படுத்திக்கொண்டு, எண்களை வாசிப்பதையும் எழுதுவதையும் மட்டும் மேலே கொண்டு செல்லலாம். "நானூற்று ஐந்து" என்று சொல்லி எழுதச் சொன்னால் 4005 என்று எழுதும் குழந்தை ஒன்றாவது பெரும்பாலான வகுப்புகளில் இருக்கும். அதற்கு 9999 இப்போதைக்குத் தேவையில்லை.

பதில் 3 (ஓய்வுபெற்ற ஆசிரியை)

வாய்மொழி மதிப்பீட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அம்மா. கற்றல் விளைவில் அன்றாட வாழ்க்கைக் கணக்கும் அடங்கியிருக்கிறது. எண்களை மட்டும் கொடுத்துச் சோதித்தால் அந்தப் பாதி விடுபட்டுவிடும். "ஒரு கூடையில் 45 எலுமிச்சம்பழங்கள், இன்னொன்றில் 28, முதல் கூடையில் எத்தனை அதிகம்?" என்று கேட்டுப் பாருங்கள். "அதிகம்" என்ற சொல்லைக் கேட்டவுடன் கூட்டி 73 என்று சொல்லும் குழந்தைகள் உண்டு. எழுத்துக் கழித்தலில் தேறியவர்களும் இங்கே தயங்குவார்கள், ஏனென்றால் இதில் எதையும் யாரும் எடுத்துச் செல்லவில்லை, ஒப்பிட மட்டுமே செய்கிறோம்.

மூன்று வகுப்புகளை வைத்துக்கொண்டு எல்லாரிடமும் ஒரே நாளில் கேட்க முடியாது. மற்றவர்கள் பயிற்சி நூலில் எழுதும் நேரத்தில் ஓரிருவரை அருகில் அழைத்து, "எப்படிச் செய்தாய்?" என்று கேட்டு, அவர்கள் சொன்னதை அப்படியே ஒரு நோட்டில் ஒரு வரியாகக் குறித்து வைத்தால் போதும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. அந்த நான்கு கணக்குகளையும் எலுமிச்சம்பழக் கணக்கையும் திங்கட்கிழமை மூன்றாம் வகுப்பினருக்குக் கொடுக்கிறேன். விடைகளைப் பிழை வாரியாகப் பிரித்து எழுதி, அருகிலுள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் அடுத்த குறுவள மையக் கூட்டத்துக்கும் எடுத்துச் செல்ல எண்ணியிருக்கிறேன். பெருக்கலுக்கும் இதுபோன்ற கேள்வி வரிசை ஒன்றை யாரேனும் வைத்திருந்தால் இங்கே பகிருமாறு கேட்டுக்கொள்கிறேன்.